வலைக்கு ஈயம் வார்ப்பது பற்றி மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கலியாணம் நல்லபடி முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். நீ அனுப்பிய படங்களை இவள் அயலெல்லாம் காட்டிவிட்டாள். இங்கே மாரி பிந்தித்தான் தொடங்கியது, தொடங்கிய பிறகு விடவேயில்லை. வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் இறங்க இறங்க இறால் படுகிறது. பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தடியில் வலை வீச இடம் பிடிப்பதே பெரும்பாடு.

உன்னோடு வேலை செய்கிறவர் தன் கராஜில் கைத்துப்பாக்கிச் சன்னம் வார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். ஒரு மயிரளவு பெரிதாக வார்த்து எடுத்து, பிறகு அளவுத்துளைக்குள்ளால் அழுத்தி 0.358 அங்குலத்துக்குக் கொண்டுவருகிறார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். துப்பாக்கியில் எனக்கு ஆசை இல்லை. அந்த யுத்த காலத்தை இந்த ஊரில் இருந்து பார்த்தவனுக்கு அது வராது. ஆனால் ஈய வேலை எனக்குப் பிடித்த வேலை. அவருக்கு ஒரு மயிரளவு கூடினாலும் குறைந்தாலும் குறி பிசகும். எங்களுக்கு வலை பிசகும்.

கணக்கைப் பார். ஒரு சென்றிமீற்றர் தடிப்பு, ஒன்றரைச் சென்றிமீற்றர் நீளம், கயிறு போக நடுவில் 3 மில்லிமீற்றர் ஓட்டை. அப்படி ஒரு ஈயக்குண்டு ஏறக்குறைய 12 கிராம் வரும். தடிப்பில் ஒரே ஒரு மில்லிமீற்றரைக் கூட்டு, 15 கிராம் ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வீச்சு வலையின் அடிக்கயிற்றில் ஒரு பக்கம் முழுக்கப் பாரமான குண்டுகள் விழுந்துவிட்டால், வலை வட்டமாக விரியாது. பாரப் பக்கம் முந்தித் தாழும், மற்றப் பக்கத்துக்குக் கீழால் மணலை மீன் தப்பிவிடும். சின்னையா வலை பின்னும்போது குண்டுகளை உள்ளங்கையில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் இப்போது நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் நிறுக்கிறேன். அரைக் கிராமுக்கு மேல் விலகினால் அது திரும்பவும் ஈயம் உருக்குகிற தாச்சிக்குள் போகும்.

வார்க்கிற முறையைக் கேட்டிருந்தாய். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகடுப்பே போதும், அவசரப்பட்டு ஊதி ஊதி ஏற்றத் தேவையில்லை. உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அதற்குள் ஒரு துண்டு மெழுகுதிரியைப் போட்டு, இரும்பு அகப்பையால் அடியிலிருந்து கிளறினால், ஆடையில் இருக்கிற ஈயத்தில் ஒரு பங்கு திரும்ப உள்ளே இறங்கிவிடும். மிச்சக் கசடை வழித்து மூடியுள்ள பேணியில் போட வேண்டும். அப்போது தெரியும் ஈயத்தின் முகம்: கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கம், அகப்பை பட்ட இடத்தில் நீலமும் மஞ்சளும் ஓடி மறையும். அந்த மினுக்கம் நிற்கும்போதே ஊற்ற வேண்டும்.

அச்சு இரண்டு பாதியாக இருக்கும். உள்பக்கத்தை விளக்குப் புகையில் காட்டிக் கருக்கினால் குண்டு ஒட்டாமல் கழலும். ஓட்டைக்காகச் சைக்கிள் சில்லுக் கம்பியை நடுவில் வைக்கிறோம், அதற்கும் அதே கரிதான். முதல் சில குண்டுகள் சுருங்கி, தோல் மடிந்து வரும். அச்சு இன்னும் குளிர் என்று அர்த்தம். அச்சு சூடேறியதும் தோல் வழுவழுப்பாக வரும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பனி படிந்ததுபோல வெளிறிவிடும், அப்போது கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஈயம் உறையும்போது சுருங்கும். அதனால் வாயில் சொட்டு மிச்சம் நிற்கிற மாதிரி ஊற்றி, மறுகா அந்த வாலை வெட்டி எடுப்பது.

தண்ணீரை மட்டும் கிட்டக் கொண்டுவரக் கூடாது. ஒரு சொட்டு உருகிய ஈயத்துக்கு அடியில் போனால், அது ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். தாச்சியில் இருக்கிறதெல்லாம் முகத்துக்கு வரும். மழைக்காலத்தில் வளவில் கிடந்த பழைய ஈயத்தை அப்படியே தூக்கிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். வெயிலில் காயவிட்டு, அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்கித்தான் போட வேண்டும்.

இனி நான் எழுத வந்த விசயம். பேரனையும் கூட்டிக்கொண்டு போய் அவர் வார்க்கிறதைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அவன் கையில் ஒரு சூடாறிய சன்னத்தைக் கொடுத்தாராம், அவன் அதை வாயில் வைக்கப் பார்த்தானாம். மச்சான், இனி அவனை அங்கே கூட்டிப் போகாதே.

எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள். புகையும் கெட்டதுதான், ஆனால் வார்க்கிற சூட்டில் பெரிய எதிரி தூசு. அந்தச் சாம்பல் ஆடை, வழித்த கசடு, தரையில் உதிர்கிற பொடி, சட்டையில் ஒட்டுகிறது, செருப்போடு வீட்டுக்குள் வருகிறது. சின்னப் பிள்ளைகள் தரையில் தவழ்வார்கள், கையை வாயில் வைப்பார்கள். வாயால் போகிற ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகத்தைப் பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சும். கல்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். மூளை வளர்கிற வயதில் அது செய்கிற கெடுதியைப் பிறகு திருத்த முடியாது. இவ்வளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

செனகல் நாட்டில், டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடற்கரை ஊர். நம் நாவலடி மாதிரி மீன்பிடிக்கிற சனம். அந்த ஊர்க் கொல்லர்கள் பழைய கார் பற்றரிகளை உடைத்து, உள்ளே இருந்த ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு செய்து வந்தார்கள். வருசக்கணக்காக மண்ணில் ஈயப்பொடி சேர்ந்தது. பிறகு ஈய விலை ஏறியதும் சனங்கள் அந்த மண்ணைத் தோண்டி, வீட்டில் வைத்துச் சலித்து விற்றார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அவர்கள் செய்தது சன்னம் இல்லை, வலைக்குண்டு. நான் செய்கிற அதே வேலை. அதை வாசித்த நாளிலிருந்து இங்கே யார் பற்றரி உடைத்தாலும் போய்க் கதைக்காமல் எனக்கு இருக்க முடியவில்லை. சிலருக்குக் கோபம்தான். வரட்டும்.

என் தாச்சி இப்போது வளவின் கடைக்கோடியில், கிணற்றடிக்கு எதிர்ப்பக்கம், காற்று வீட்டை விட்டு வெளியே போகிற திசையில் இருக்கிறது. அந்த அகப்பையும் தாச்சியும் குசினிப் பக்கம் வராது. அங்கே போட ஒரு பழைய சட்டை, ஒரு செருப்பு, இரண்டையும் அங்கேயே கழற்றுவேன், சட்டையைத் தனியாகத் தோய்ப்பேன். தரையை விளக்குமாற்றால் கூட்டுவதில்லை, ஈரச் சாக்கால் துடைக்கிறேன். சவர்க்காரம் போட்டுக் கைகழுவும்வரை வெற்றிலை கிடையாது. நம் ஆட்களோ ஈயம் பிடித்த அதே விரலால் சுண்ணாம்பு தடவி வாயில் வைக்கிறார்கள். தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கத்தையும் விடச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு குறடு என்ன விலை?

ஈயம் எங்கே எடுக்கிறாய் என்று கேட்பாய். பழைய வலைகளில் இருந்து கழற்றியது பாதி. மிச்சம், காத்தான்குடியில் ஒரு காக்காவின் டயர்க்கடையில் சில்லுக்கு நிறை சரிபார்க்கிற துண்டுகள். இப்போது அவற்றில் ஈயம் குறைவு, இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்து கிடக்கும். நாகம் 420 பாகையில்தான் உருகும் என்பதால் சூட்டைக் கீழே வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், வழித்துவிடலாம். கலந்துவிட்டால் ஈயம் கூழாகி அச்சை நிரப்பாது. மண்ணில் கிடைக்கிற பழைய சன்னங்களைப் பொடியன்கள் கொண்டுவந்தால் நான் தொடுவதே இல்லை. எது வெடிக்காமல் உயிரோடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் கனடாவில் 1997இலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த தூண்டில் ஈயத்துக்குத் தடை. உன் ஒரு டொலர்க் காசில் இருக்கிற அந்த லூன் பறவை, இரை அரைக்கக் கூழாங்கல் பொறுக்கும்போது ஈயத்தையும் விழுங்கிச் சாகிறதாம். வலைக்குண்டு கயிற்றோடு இருப்பதால் அந்த அளவுக்குப் பறவைக்குப் போகாது. ஆனாலும் அறுந்து வாவிக்குள் விழுகிறதை யோசித்தால் மனம் சரியில்லை. முந்தி சுட்ட மண்ணில் குண்டு செய்து வலைக்குக் கட்டினார்கள். மண் பாரம் குறைவு, அதனால் பருமன் கூடும், வீச்சு வலைக்குச் சரிவராது. இழுவைக்கும் நிலைவலைக்கும் அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை. களிமண் பார்க்கக் குயவர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கூட்டாளிக்கு நான் சொன்னதாகச் சொல்லு: கராஜ் கதவைத் திறந்து வைக்கட்டும், அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போக வேண்டாம், வருசம் ஒரு தரம் இரத்தத்தில் ஈயம் பார்க்கட்டும். அங்கே அந்தச் சோதனை சுலபமாகச் செய்யலாமே. பேரனுக்கும் ஒரு தரம் பார்த்துவிடு, செலவை நினைக்காதே.

அப்புறம், அவருடைய அளவுத்துளைக் கருவியை இன்னும் வடிவாகப் பார்த்து எழுது. கைப்பிடி எவ்வளவு நீளம், துளை இரும்பா உருக்கா, உள்ளே என்ன எண்ணெய் பூசுகிறார். நெம்புகோல் ஒன்று வைத்து வலைக்குண்டையும் ஒரே தடிப்புக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். கல்லடியில் லேத் வைத்திருக்கிற தம்பி, அளவு தந்தால் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் கூட்டாளி,
கல்லடி, மட்டக்களப்பு