புகைப்பழக்கத்தைக் கைவிட அக்கம்பக்க மருந்தாளரின் உதவி: கோரிக்கை மனு

அனுப்புநர்: யீஷூன் வட்டாரவாசி ஒருவர்
பெறுநர்: மாண்புமிகு சுகாதார அமைச்சர், சுகாதார அமைச்சு, சிங்கப்பூர்

பொருள்: புகையை விட விரும்புவோருக்கு மருந்தகத்திலேயே ஆலோசனையும் தமிழ் விளக்கத்தாளும் கிடைக்கச் செய்யுமாறு வேண்டுதல்

ஐயா,

வணக்கம். என் தந்தைக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல் துலக்கும் முன்பே சிகரெட்டைப் பற்றவைக்கும் ரகம். சென்ற ஆண்டு இருமல் வாட்டியபோது, விட்டுவிடுவதாக அவராகவே சொன்னார். வீட்டில் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. ஒரு மருந்தகத்தில் நிக்கோட்டின் கம் (சிகரெட் ஆசையைத் தணிக்க மெல்லும் மருந்து) வாங்கி வந்தார். பெட்டிக்குள் இருந்த தாளை அவரால் படிக்க முடியவில்லை. சூயிங்கம்மைப் போல விடாமல் மென்றார், காப்பியும் குடித்தார். விக்கல், நெஞ்செரிச்சல். மூன்றாம் நாள் பெட்டி குப்பைக்குப் போனது, அவர் மீண்டும் புகைக்கப் புளோக்கின் கீழே போனார்.

பிறகு வேறொரு மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மருந்தாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். அரை மணிக்குள் என்றதும் 2 மில்லிகிராம் பெட்டியை ஒதுக்கிவிட்டு 4 மில்லிகிராமை எடுத்தார். அப்பா உண்ணும் மாத்திரைகளையும் விசாரித்தார். புகை நின்றால் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவரும், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் அவற்றில் ஒன்று என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருக்குத் தமிழ் வராது, அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. துறைமுகத்து மலாய் கைகொடுத்தது. 'குன்யா, பெர்ஹெந்தி' என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்: மெல், நிறுத்து. காரம் தெரிந்ததும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடக்கிவைக்க வேண்டும்; காரம் தணிந்தால் மறுபடி மெல்ல வேண்டும். காப்பியைக் கால் மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். "வெற்றிலையை ஒதுக்குவது மாதிரிதானே" என்றார் அப்பா. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணே தொலைபேசியில் விசாரித்தார். அந்த அழைப்புக்காக அப்பா காலையிலிருந்தே காத்திருந்தார் என்பதை நான் பார்த்தேன்.

இத்தனைக்கும் அந்த மருந்தாளருக்குக் கிடைத்தது ஒரு பெட்டி விற்ற காசு மட்டுமே. பின்னால் நான்கு பேர் வரிசையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

1992இல் சூயிங்கம் விற்பனையைத் தடைசெய்த நாடு இது. 2004இல் மருத்துவப் பயனுள்ள கம்முக்கு மட்டும் விலக்களித்து, அதை மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் ஒப்படைத்தது. சட்டம் அன்றே அவர்களை நம்பியது. புகைபிடிப்போர் விகிதம் 2010இல் 14.3 விழுக்காடு, 2020இல் 10.1 விழுக்காடு. வயது வரம்பும் சிகரெட் பொட்டலக் கட்டுப்பாடும் இளையரைத் தடுக்கும். ஐம்பது ஆண்டுப் பழக்கத்துக்கு ஆள் துணை வேண்டும்.

ஆகவே, புகையை விட உதவும், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 28 நாள் திட்டத்தோடு அக்கம்பக்க மருந்தகங்களை இன்னும் நெருக்கமாக இணைத்து, மருந்தாளர் ஆலோசனைக்குச் செலவிடும் நேரத்துக்கும் பின்தொடர்பு அழைப்புக்கும் கட்டணம் வழங்க வேண்டுகிறேன். மருந்து வாங்கும் முதியோருக்குச் சலுகை விலையும் தேவை. எல்லாவற்றுக்கும் முன், எப்படி மெல்வது என்பதைப் படத்துடன் விளக்கும் தமிழ்த்தாள் ஒன்று வேண்டும். வெளிநாட்டு ஊழியர் விடுதிகளிலும் அது பயன்படும். அதில் வெற்றிலை உதாரணத்தைச் சேர்த்துக்கொள்ள அப்பா சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யீஷூன் வட்டாரவாசி