எழுத்துக் கூட்டிப் படிக்க ஏன் தயங்குகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்நாள் முழுவதும் கற்பதைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை நிலைக்கும், ஞாபக மறதி தள்ளிப்போகும், பொழுதும் நல்லபடியாகப் போகும் என்று பலன்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். சரி, இத்தனை பலன் இருந்தும் நடுவயதைத் தாண்டியவர்களில் பலர் ஏன் புதிதாக எதையும் தொடுவதில்லை? அந்தக் கேள்விக்கு அவர் வரவே இல்லை. நேரமில்லை என்போம். அது பாதி உண்மை. மீதிப் பாதி கூச்சம்.

நாலு பேர் வந்து யோசனை கேட்கும் இடத்தில் இருந்து பழகியவருக்கு, அதே நாலு பேர் முன்னால் தடுமாறி நிற்க மனசு வராது. அரபு எழுத்து கற்கப் போனபோது இதை நன்றாகவே உணர்ந்தேன். (எழுத்தோவியப் புத்தகம் ஒன்றைப் பார்த்து வந்த ஆசை. அதனால் எனக்கு வேறு எந்த உபயோகமும் இல்லை.) படகு போல ஒரே வடிவம், கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பா', மேலே இரண்டு வைத்தால் 'தா', மூன்று வைத்தால் இன்னொன்று. அதே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் வேறு மாதிரி. தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் நான். இங்கே வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் கூட்டுவதற்குள் வியர்த்துவிடும். சொல்லிக்கொடுத்தவர் என் மகள் வயதுப் பெண். "சார், புள்ளியைப் பாருங்க" என்று அவர் பொறுமையாகச் சொல்லும்போது முகம் சிவக்கும். அதற்குப் பயந்தே அடுத்த வகுப்புக்கு வராமல் நின்றவர்கள் உண்டு.

கென்யாவின் கிமானி மாருகே 2004இல், 84 வயதில், தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார். முந்தைய ஆண்டுதான் அங்கே தொடக்கக் கல்வி இலவசமாகியிருந்தது. கால்சட்டைச் சீருடையோடு, கொள்ளுப் பேரன் வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தார். பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வயதில் வேலை உயர்வா கேட்டார்?

கூச்சத்துக்குப் பயந்து நாம் பிடித்துக்கொள்ளும் சுலபமான வழி, வீடியோ பார்ப்பது. யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்டதாகவும் தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் இந்த இரண்டாம் கூட்டத்தார்தான்.

மூளை விஷயத்திலும் கட்டுரையாளர் கொஞ்சம் தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டார். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையைப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் மூளையைப் படம்பிடித்தார்கள். மூன்று மாதப் பயிற்சியில் சில பகுதிகள் சற்றே பெருத்திருந்தன. பயிற்சியை விட்டதும் அந்த வளர்ச்சி குறைந்தது. இது 2004இல் வந்தது. பிறகு அறுபது வயதை ஒட்டியவர்களிடமும் இப்படிப்பட்ட மாற்றத்தைக் கண்டார்கள். முதிய மூளையும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. மறதி நோய் வராது என்பதற்கு இது சான்றாகாது. தடுப்பூசி போல ஒரு தடவை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிற சங்கதியும் இல்லை.

அப்புறம், இடம். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வு பெற்றவர்களுக்காக 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்குப் போனபோது பேராசிரியர்களையே நம்பியிராமல் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் அமைப்பாக மாறியது. தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. காலையில் வரலாறு நடத்துபவர் மாலையில் ஓவிய வகுப்பில் கோடு இழுக்கத் தெரியாமல் முழிக்கலாம். எல்லாருமே ஏதோ ஒன்றில் கற்றுக்குட்டியாக இருக்கும் இடத்தில் யாரைப் பார்த்து யார் கூச்சப்படுவது? எனக்கு இந்த ஏற்பாடுதான் ரொம்பப் பிடித்தது.

பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். முதல் மாதத்தில் தேர்வும் தரவரிசையும் வேண்டாம், ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் படிக்க வையுங்கள் என்பது அவர்களிடம் என் வேண்டுகோள். உங்களிடமும் ஒன்று: அடுத்த முறை இந்தப் பொருளை எடுக்கும்போது சாதித்தவர்களின் பேட்டியோடு, இப்போதுதான் தொடங்கித் திணறிக்கொண்டிருக்கும் இரண்டு பேரையும் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்