பேக்கப் தானாக நடக்கட்டும், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

லேப்டாப்பில் கூகுள் டிரைவ் இருப்பதால் எல்லாம் பேக்கப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று போனில் சொன்னாய். அங்கே நடப்பது சிங்க். அதை நம்பி உன் நாட்டுப்புறப் பாடல் ஆய்வின் ஒலிப்பதிவுகளை விட்டுவைக்காதே. உனக்கு ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பாடிக் கொடுத்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஆய்வேட்டை மறுபடி எழுதிவிடலாம், அந்தக் குரல்களை மறுபடி பதிவு செய்ய முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சிங்க் கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு தானாகப் போய்விடும். வேர்டு ஃபைலின் பழைய வடிவங்களையும் 30 நாளோ 100 வடிவமோதான் வைத்திருப்பார்கள். மூன்றாம் இயலில் பத்துப் பக்கம் தவறுதலாக அழிந்ததை நீ இரண்டு மாதம் கழித்துக் கவனித்தால் திரும்ப எடுக்க வழியில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற கெட்ட நிரல் புகுந்தால், பூட்டிய ஃபைல்களையே டிரைவ் ஒழுங்காக மேலே ஏற்றிவிடும். பேக்கப் என்றால் தேதிவாரியாகப் பழைய நிலைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். மார்ச் 3ஆம் தேதி அந்த ஃபோல்டர் எப்படி இருந்தது என்று கேட்டால் அப்படியே எடுத்துத் தர வேண்டும்.

பல்கலைக்கழகக் கணக்கில் போட்டு வைக்கலாம் என்று தோழிகள் சொல்வார்கள். கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் கொடுத்துவந்த வரம்பற்ற இடம் 2022 ஜூலையோடு முடிந்தது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கே உன்னுடையதாக இருக்காது. உன் சொந்தக் கணக்கின் 15 ஜிபி இலவச இடமோ மெயிலுக்கும் படங்களுக்கும் டிரைவுக்கும் பொது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸப் பேக்கப்பும் இப்போது அதில்தான் கணக்காகிறது. அது நிரம்பினால் மெயில் வருவது நின்றுவிடும்.

சரி, எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும்? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் மட்டும் போதும் என்று நினைத்தால், மேற்கோள் நூல்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டிரோ மென்பொருளில் உள்ள உன் நூலகம் விட்டுப்போகும். விண்டோஸில் அது டாக்குமென்ட்ஸுக்குள் இருக்காது. உன் பயனர் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஜோட்டிரோ என்றே தனியாக இருக்கும். நீ சேர்த்த குறிப்பும் பிடிஎஃபும் அங்கேதான். அதைத் தூக்கி டிரைவ் ஃபோல்டருக்குள் போட்டுவிடாதே. அதன் தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைல் திறந்திருக்கும்போதே சிங்க் அதைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று ஜோட்டிரோகாரர்களே எச்சரிக்கிறார்கள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பேக்கப் அங்கே வந்து எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஜோட்டிரோ மூடியிருந்தால் நல்லது.

அடுத்தது எழுத்துரு. டிடிபி சென்டரில் டைப் செய்து வாங்கிய பாடல்கள் பழைய வானவில் எழுத்துருவிலோ, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமையாத வேறு எழுத்துருவிலோ இருந்தால், ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்து பயனில்லை. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஒப்பாரி முழுக்க ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். எழுத்துரு ஃபைலையும் பாடல்கள் உள்ள ஃபோல்டரிலேயே போட்டு வை. கூடவே யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியும் இருக்கட்டும்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்கிறாய், வை. ஆனால் சுருக்கமாக வை. 'பொன்னம்மாள்' நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் அது 11 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக 33 பைட் ஆகிறது. லினக்ஸ் கணினியில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. பாடியவர் பெயர், ஊர், பாட்டின் முதலடி, தேதி என்று எல்லாவற்றையும் பெயரிலேயே அடைத்தால், விண்டோஸில் ஒழுங்காக இருக்கும் ஃபைல் அங்கே ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது பேக்கப்பிலிருந்து மீட்கும்போது, பிழை காட்டும். பெயரில் ஊரும் தேதியும் ஓர் எண்ணும் போதும். மற்ற விவரங்களை ஒரு எக்செல் பட்டியலில் எழுதி அதையும் பேக்கப்பில் சேர்.

விண்டோஸையும் நிறுவிய மென்பொருட்களையும் டவுன்லோட்ஸையும் சினிமாவையும் விட்டுவிடு. அவற்றை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

உனக்கு டூப்ளிகாட்டி என்ற மென்பொருளைச் சொல்கிறேன். இலவசம், திறந்த மூலம். ஃபைல்களை உன் லேப்டாப்பிலேயே ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டி, சிறு சிறு துண்டுகளாக மேலே ஏற்றும். உனக்குப் பாடியவர்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லியிருப்பார்கள், அவை வேறு யார் காதிலும் விழக் கூடாது. அதனால் பூட்டாமல் எதையும் ஏற்றாதே. போய்ச் சேரும் இடமாக பேக்பிளேஸ் நிறுவனத்தின் பி2 என்ற இணையச் சேமிப்பகத்தை எடுத்துக்கொள். 2023 அக்டோபரில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தார்கள். அந்தக் கணக்கில் உன் 300 ஜிபி ஒலிப்பதிவுக்கு மாதம் 2 டாலருக்குள் முடியும். சேரும் முன் இப்போதைய விலையைப் பார்த்துக்கொள்.

முதலில் பி2 கணக்கில் ஒரு பக்கெட், அதாவது ஃபைல்கள் போய்ச் சேரும் பெட்டி, உருவாக்கு. பிரைவேட் என்பதைத் தேர்ந்தெடு. பிறகு டூப்ளிகாட்டி உள்ளே நுழைவதற்கு, அந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் செல்லும்படி அப்ளிகேஷன் கீ என்ற சாவி ஒன்று எடு. அந்தச் சாவி திரையில் ஒரே ஒரு முறைதான் தெரியும், உடனே குறித்துக்கொள். டூப்ளிகாட்டியில் புதிய பேக்கப் தொடங்கினால் அது வரிசையாகக் கேட்கும்: பெயர், பாஸ்ஃபிரேஸ் (பூட்டைத் திறக்கும் நீண்ட கடவுச்சொல்), எங்கே ஏற்றுவது, எதை ஏற்றுவது, எப்போது, எத்தனை நாள் வைத்திருப்பது. கடைசிக் கேள்வியில் ஸ்மார்ட் ரிடென்ஷன் என்பதைத் தேர்ந்தெடு. கடந்த 7 நாளுக்கு நாள் ஒன்று, 4 வாரத்துக்கு வாரம் ஒன்று, 12 மாதத்துக்கு மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். மாறாத ஒலிப்பதிவை ஒவ்வொரு முறையும் ஏற்றாது, மாறிய துண்டுகள் மட்டும்தான் போகும். அதனால் இத்தனை வடிவங்கள் இருந்தாலும் இடம் பெருகாது.

நேரம் வைப்பதில் பலர் சறுக்குகிறார்கள். எந்நேரமும் ஓடும் சர்வர் கணினிக்கு நள்ளிரவு 2 மணி சரி. உன் லேப்டாப் அந்நேரம் மூடிக் கிடக்கும். நீ வழக்கமாக வேலை செய்யும் பிற்பகல் நேரத்தை வை. வேகத்துக்கு ஒரு வரம்பும் போடு, வீடியோ கால் திக்காது. களப்பணிக்குப் போகும்போது டூப்ளிகாட்டியைத் தற்காலிகமாக நிறுத்திவிடு. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் அது அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிடும். ஊரில் இருக்கும் நாட்களில் ரெக்கார்டரின் மெமரி கார்டை அழிக்காதே. அதில் உள்ளவை லேப்டாப்பிலும் இன்னோர் இடத்திலும் சேர்ந்த பிறகு அழி.

முதல் ஏற்றத்துக்கு நேரம் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று நீ பதிவு செய்யும் வேவ் ஃபைல் மணிக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 300 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய 67 மணி நேரம், அதுவும் நிற்காமல் ஓடினால். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது டவுன்லோடு வேகமாக இருக்கலாம். அப்லோடு எவ்வளவு என்று ஸ்பீடு டெஸ்டில் பார். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே சேர்க்காதே. ஆய்வேடும் ஜோட்டிரோவும் மட்டும் ஒரு பேக்கப், அது அன்றைக்கே முடிந்துவிடும். ஒலிப்பதிவுக்குத் தனி பேக்கப். அதில் ஆண்டுவாரியாக ஒவ்வொரு ஃபோல்டராகச் சேர்த்துக்கொண்டே போ.

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் வைத்திருந்தால் இதையும் பார். விண்டோஸ் உன் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் அதற்குள் நகர்த்தியிருக்கலாம். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் தெரிந்தால் உன் லேப்டாப்பில் அதன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, உள்ளடக்கம் இல்லை. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடு. பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வந்த பிறகு பேக்கப்பில் சேர்.

பாஸ்ஃபிரேஸ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது தொலைந்தால் டூப்ளிகாட்டியும் திறக்காது, பேக்பிளேஸும் திறக்காது, நானும் திறக்க முடியாது. லேப்டாப்பிலேயே குறித்து வைத்தால் லேப்டாப் போகும்போது அதுவும் போகும். பேருந்தில் பை தொலைந்தால் லேப்டாப்பும் போனும் சேர்ந்தே தொலையும் என்பதை நினைத்துப் பார். அப்போது வேறு கணினியில் உட்கார்ந்து உன் கூகுள் கணக்குக்குள் நுழையப் பார்த்தால், உன் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லும். கூகுள் கணக்கில் இதற்கென, ஓடிபிக்குப் பதிலாகப் போட 8 இலக்க பேக்கப் கோடுகள் 10 தருவார்கள். அதையும், பாஸ்ஃபிரேஸையும், பி2 கணக்கின் பாஸ்வேர்டையும் சாவியையும், பக்கெட்டின் பெயரையும் ஒரே தாளில் கையால் எழுது. பெரிய எழுத்து சிறிய எழுத்து தெளிவாகத் தெரியட்டும். பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு போடு. ஒரு பிரதி உன் அறையில், லேப்டாப் பையில் வேண்டாம். இன்னொன்றைக் கவரில் ஒட்டி எனக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. பிரிக்க மாட்டேன், பீரோவில் வைக்கிறேன்.

இனி, தானாக நடக்கும் பேக்கப்பின் ஆபத்து: தானாக நின்றாலும் தெரியாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அமேசான் சேமிப்பகத்தில் ஒன்றுமே இல்லை. பேக்கப் எடுக்கும் நிரல் டேட்டாபேஸின் பழைய பதிப்புக்கானது என்பதால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ, அனுப்பியது யார் என்று உறுதி செய்யும் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. கணினியே தொழிலாக உள்ளவர்கள் அவர்கள். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் நிரலே ஆய்வாளர்களின் 77 டெராபைட்டை அழித்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்தி மேலே எழுதியதுதான் காரணம். 14 ஆய்வுக் குழுக்கள் ஃபைல்களை இழந்தன, அவற்றில் 4 குழுக்களுக்கு மீட்கவே வழியில்லாமல் போயிற்று.

எனவே மெயில் வரவில்லை, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று இருந்துவிடாதே. வெற்றியானாலும் மெயில் வரும்படி வை. ஜிமெயில் வழியாக அனுப்ப உன் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, மற்ற மென்பொருட்களுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு டூப்ளிகாட்டியைத் திறந்து, கடைசியாக வெற்றி பெற்ற தேதியையும் மொத்த அளவையும் பார். நீ 5 ஜிபி புதிதாகப் பதிவு செய்திருந்தும் அளவு கூடவில்லை என்றால், ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார். உன் லேப்டாப்பில் செய்யாதே. பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, டூப்ளிகாட்டி வேகத்துக்காக அங்கேயே இருக்கும் மூல ஃபைலிலிருந்து துண்டுகளை எடுத்துக்கொள்ளக்கூடும், மேலே இருப்பது சரியா என்று தெரியாமலே போய்விடும். தோழியின் கணினியில் நிறுவி, பேக்கப் ஃபைல்களிலிருந்து நேரடியாக மீட்கும் வழியைத் தேர்ந்தெடு. கையில் அந்தத் தாள் மட்டும் இருக்கட்டும். ஒரு பழைய ஒலிப்பதிவு, ஒரு வேர்டு ஃபைல், தமிழில் பெயர் உள்ள ஒன்று, மூன்றையும் இறக்கு. ஒலிப்பதிவைக் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுக் கேள். தாளில் எது குறைகிறது என்பது அப்போது தெரியும், சேர்த்து எழுதிவிடு. முடிந்ததும் தோழியின் கணினியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வா.

ஆன்லைன் ஒன்று இருந்தாலும் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். 300 ஜிபியை இணையத்திலிருந்து இறக்க நாள் கணக்காகும், டிஸ்க்கிலிருந்து சில மணி நேரத்தில் முடியும். மாதம் பணம் கட்டும் கார்டு காலாவதியாகிக் கணக்கு நின்றுபோனாலும் இது இருக்கும். 2 டெராபைட் வாங்கு. நகல் எடுக்கும் நேரம் தவிர லேப்டாப்பில் செருகி வைக்காதே. ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். பொங்கலுக்கு வரும்போது ஒலிப்பதிவு முழுவதையும் அதில் போட்டு எடுத்து வா, இங்கேயே இருக்கட்டும். சித்திரை விடுமுறையில் புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிறு ஆய்வேட்டு ஃபோல்டரை மட்டும் தொடங்கிவிடு. பி2 பக்கத்தில் அப்ளிகேஷன் கீ எடுக்கும் இடத்தில் குழப்பம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. சாவியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா