அடுத்து என்ன படிக்கலாம்?

மக்களே, விறுவிறுப்பான நாவல் கேட்டவர்களுக்கு என் முதல் ஓட்டு, சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பேரை அரங்கில் இறக்கிவிட்டு, ஒருவர் மிஞ்சும்வரை சண்டையிட வைக்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் தங்கையின் பெயர் வந்ததும் கதாநாயகி காட்னிஸ் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் உங்கள் காதில் விழாது! படம் பார்த்தவர்களும் படியுங்கள்; கதையை அவளே சொல்வதால், அவள் மனக்கணக்கு எல்லாம் புத்தகத்தில்தான் முழுசாகக் கிடைக்கும்.

துப்பறியும் கதைதான் வேண்டுமா? கேரன் மெக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்'. பள்ளியில் தண்டனைக்காக உட்காரவைத்த ஐந்து பேரில் ஒருவன் செத்துப்போகிறான், மீதி நால்வர் மேலும் சந்தேகம். நடுவில் கொஞ்சம் காதல் இழுவை, சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

முடிவை மட்டும் யாரும் குழுவில் போட்டு உடைக்காதீர்கள்.