பேராசிரியருடன் மாதிரிகளும் ஓய்வு பெறலாமா?

ஆசிரியருக்கு,

எரிபொருள், கனிம மூலப்பொருள் ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்டு ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, நிலக்கரியில் தொடங்கிய அவரது ஆய்வு எண்ணெய், புவிவெப்பம், லித்தியம் என நகர்ந்த விதத்தை நன்கு விளக்கியது. ஆனால் அவர் திரட்டிய பாறை மாதிரிகளும் களக்குறிப்பேடுகளும் இனி என்னவாகும் என்பதை அது தொடவே இல்லை. விருதுகளின் பட்டியலைவிட (அதுவும் நீளமானதுதான்) எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. ஒரு தலைமுறை எண்ணெய்க்காகத் துளையிட்ட இடத்தில் அடுத்த தலைமுறை வேறொன்றைத் தேடுகிறது; அப்போது பழைய மாதிரிகளும் குறிப்புகளும் மீண்டும் தேவைப்படலாம். அமெரிக்காவின் தெற்கு ஆர்கன்சாவில் ஸ்மாக்கோவர் பாறைப் படிவத்திலிருந்து முதலில் எண்ணெயும் பின்னர் அதன் உப்புநீரிலிருந்து புரோமினும் எடுக்கப்பட்டன. அதே உப்புநீரில் 50 லட்சம் முதல் 1.9 கோடி டன் வரை லித்தியம் இருக்கலாம் என்று அந்நாட்டு அரசின் நிலவியல் ஆய்வு அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது.

நான் ஆய்வக உதவியாளராக இருந்த துறையில், பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றபின், துளையிட்டு எடுத்த பாறை உருளைகள் அடுக்கிய மரப்பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. கறையான் அரித்து ஆழம் எழுதிய சீட்டுகள் உதிர்ந்தன. எந்த ஆழத்தில் எடுத்தது என்று தெரியாத உருளை வெறும் கல்தான். ஆகவே, ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள், மாதிரிகளை இடம், ஆழம், எடுத்த நாள் ஆகிய விவரங்களுடன் பொதுக் காப்பகத்தில் ஒப்படைத்ததற்கான சான்றைப் பெற்ற பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்