வண்ணம் முதலில், ஒட்டுவது பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொலுவில் வைப்பதற்காக லேசரில் வெட்டிய மர மண்டபம், செட்டிநாட்டு வீடு போன்ற கிட்டுகளை வாங்கிக் கட்டுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால், துண்டுகளை எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு வெள்ளை அக்ரிலிக் அடித்து, அதன்மேல் சாம்பல் கோடு இழுத்தால் பளிங்கு வந்துவிடும் என்ற யோசனை தவறு. அதை நம்பிச் செய்கிறவர்களின் காசும் உழைப்பும் வீணாகும்.

இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் 3 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட். லேசர் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் அந்தக் கரியை ஊறவைத்து மேலே இழுத்து வரும். எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் விளிம்பில் பழுப்பு தெரிவது இதனால்தான். எம்.டி.எஃப் விளிம்போ தண்ணீரைக் குடித்து உப்பி, சொரசொரவென்று நின்றுவிடும். ஆகவே முதல் வேலை 220 நம்பர் உப்புத்தாளால் கரியைத் தேய்த்து எடுப்பது. எம்.டி.எஃப் தூசு மிக நுண்ணியது. முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

அடுத்தது அரக்குப் பூச்சு. 100 மி.லி. ஸ்பிரிட்டில் 12 கிராம் அவலரக்கை (அவல்போல் செதிலாக வரும் ஷெல்லாக்) போட்டு ஓர் இரவு மூடிவைத்தால் கரைந்துவிடும். அதைத் துண்டின் இரண்டு பக்கமும் மெல்லிதாக ஒரு கை, விளிம்பில் இரண்டு கை பூச வேண்டும். ஒரே பக்கம் பூசினால் மெல்லிய பலகை வளைந்துகொள்ளும். ஒரு மணி நேரம் காயவிட்டு 320 நம்பர் தாளால் இலேசாகத் தேய்த்தால், மேலே எந்தப் பெயின்டும் சீராக உட்காரும், கறையும் ஏறாது. ஸ்பிரிட் பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவும் கூடாது.

ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் அடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டிய மண்டபத்தின் உள்மூலையில் பிரஷ் திரும்பாது. ஆனால் முன்பே அடிக்கும்போது, துளையில் செருகும் நாக்குகளை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட வேண்டும். பலகையின் கனத்துக்கு அளந்துதான் துளை வெட்டியிருக்கிறார்கள். இரு பக்கமும் நாலைந்து கோட் ஏறினால் நாக்கு உள்ளே போகாது. அழுத்தினால் பிளைவுட் பிளக்கும். பெயின்ட் மேல் ஃபெவிகால் பிடிப்பதும் பெயின்டைத்தான், மரத்தை அல்ல. பிறகு பெயின்ட்டோடு சேர்ந்து உரிந்து வரும்.

பளிங்குக்கு வருவோம். அடிவண்ணம் சுத்த வெள்ளை வேண்டாம். துளி சாம்பலும் துளி மஞ்சளும் கலந்த வெள்ளையை இரண்டு கோட் அடியுங்கள். வெளிர் சாம்பலில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கிளேசிங் மீடியம் (வண்ணத்தை ஊடுதெரியும்படி ஆக்கும் நிறமற்ற கலவை) சேர்த்து, ஈரப் பஞ்சால் குறுக்குச்சாய்வாகத் திட்டுத் திட்டாக ஒற்றி, காயும் முன்பே உலர்ந்த மென்பிரஷால் தடவிக் கலைத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் நொடியில் இறுகும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் சில துளி விட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பளிங்கில் ஓடும் நரம்புக் கோடுகளுக்கு 00 நம்பர் பிரஷ். அதைக் காம்பின் கடைசியில் பிடித்து, விரலுக்குள் உருட்டியபடி இழுத்தால் கோடு தானாகவே தடித்தும் மெலிந்தும் போகும். பெரிய நரம்பிலிருந்து கிளை பிரியலாம், மறுபடி சேரலாம். ஒரே அளவு இடைவெளியில் வரிசையாகப் போகக் கூடாது. இழுத்த கையோடு அதன் ஒரு பக்கத்தை மட்டும் கலைத்தால் கல்லுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும்.

பலரும் கோட்டைவிடுவது அளவில்தான். பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில் 1 மி.மீ. கோடு என்பது அசல் கல்லில் 12 மி.மீ. நரம்பு. மயிரிழைக்கோடு போதும், அதுவும் குறைவாக. தரையில் பலகைக்கல் பிரிவுகள் இருந்தால் நரம்பு ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் நின்றுவிட வேண்டும். அடுத்த கல்லில் திசை மாற வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றாக டேப் ஒட்டி, பாதிக் கற்களை இன்றும் மீதியை நாளையும் செய்வதே வழி.

செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்குத் தேக்கு ரேகை வேண்டும். மரத்திலேயே ரேகை இருக்கிறதே என்று விடக் கூடாது. சுருக்கிய மாதிரியின் அளவுக்குப் பிளைவுட்டின் ரேகை மிகப் பெரியது. மஞ்சட்காவி அடியின் மேல் அடர்பழுப்பைக் கிளேசிங் மீடியத்தில் கரைத்து, முரட்டுப் பிரஷை உலர்வாக நீளவாக்கில் இழுங்கள். கதவில் குறுக்குச் சட்டங்களை முதலில் செய்து காயவைத்து, நெடுக்குச் சட்டங்களைப் பிறகு செய்தால் தச்சன் சேர்த்த மூட்டு சரியாகத் தெரியும்.

கருங்கல்லுக்குச் சாம்பல் அடியின் மேல் பழைய பல்துலக்கும் பிரஷால் கறுப்பு, வெள்ளை, அடர்சாம்பல் மூன்றையும் தனித்தனியாகத் தெறிக்க வேண்டும். பெயின்ட் நீர்த்திருந்தால் புள்ளி பெரிதாகி அம்மைத் தழும்பு ஆகிவிடும். முதலில் காகிதத்தில் தெறித்துப் பாருங்கள். பொன்வண்ணத்துக்கு அடியில் செங்காவி கொடுத்தால் ஒளி கூடும்.

வார்னிஷில் எண்ணெய் வகை வேண்டாம், வெள்ளைப் பளிங்கை மஞ்சளாக்கிவிடும். தண்ணீர் வகை மேட் வார்னிஷ் இரண்டு கை போதும். பொன்வண்ணத்துக்கு மட்டும் பளபள வார்னிஷ். ஸ்ப்ரே லாக்கர் அடிப்பவர்கள் மழை ஈரம் உள்ள நாளைத் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். நவராத்திரி நாள்களில் இந்தப் புகார் அதிகம்.

பொய்ப்பளிங்கு மட்டமான வேலை என்று அந்தக் கட்டுரை கோடிகாட்டியிருப்பதையும் ஏற்க முடியவில்லை. 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் பளிங்கு அல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்த சாந்தைப் பூசித் தேய்த்துத்தான் அந்த மெருகைக் கொண்டுவந்தார்கள்.

கிட் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்ணம் படக்கூடாத இடங்களைக் குறிப்புத்தாளில் கோடிட்டுக் காட்டுங்கள், சோதித்துப் பார்க்க அதே பலகையில் ஒரு துண்டை உபரியாக வையுங்கள். தாங்களும் இந்தத் திருத்தத்தைப் புரட்டாசி பிறக்கும் முன் வெளியிட்டால், கிட் வாங்கி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ச.மு., மதுரை