அட்டாலியில் இருந்த கடிதங்கள்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

போன வாரம் தோட்டத்து ஓட்டுவீட்டைப் பிரித்தோம். கோவிச்சுக்காதே, இன்னொரு மழை தாங்காது. அட்டாலியில் ஆத்தாவின் தகரப்பெட்டி இருந்தது. அடியில் மஞ்சத்துணியில் சுற்றி, அப்பாரு பட்டாளத்திலிருந்து போட்ட கடிதங்கள். மொத்தம் 19. எல்லாம் 1943 முதல் 1945 வரைக்கும்.

அங்கே குளிர் இறங்கிவிட்டதாமே. வேளைக்குச் சாப்பிடு.

எந்த ஊர் என்று எதிலும் இல்லை. சென்சாரில் இரண்டு இடத்தில் மை பூசி அடித்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ், பர்மா என்று இருக்கிறது. பாலம், ரோடு போடுகிற பட்டாளம் அது. 1945 தையில் போட்ட ஒன்றில் மட்டும், பெரிய ஆறு, பாலம் போடுகிற வேலை முடிந்தது என்கிறார். 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின்மேல் 1,154 அடிக்கு, இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுகிற பெய்லி பாலம் ஒன்று போட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். அதுவாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. வாய்க்கால் பாலத்தில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று, குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆத்தாவுக்கு எழுத்து தெரியாது. வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார், மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நின்று கேட்பார்கள். அது தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஆத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சோளத்தட்டு ஆடி வரைக்கும் வருமா, கிளுவை வேலி அடைத்தாயிற்றா, மயிலை எப்படி இருக்கிறது. எதை விட்டாலும் மயிலையை விடுவதில்லை. ஆத்தாவோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த மாடு அது. ஒன்பதாவது கடிதத்தில் இப்படி இருக்கிறது: 'மயிலையை யாரும் அதட்ட வேண்டாம். பயந்த சுபாவம். ராத்திரி ஒரு டம்ளர் பால் கொடுக்கவும்.'

மாட்டுக்கு யார் டம்ளரில் பால் கொடுப்பார்கள்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்ப முதலிலிருந்து படித்தேன். சாட்டையும் கையுமாக நான் பார்த்த மனுஷன் இவர்தானா என்று இருந்தது.

நம் ஊரிலிருந்து படிப்புக்காக விமானம் ஏறிய முதல் பெண் நீ. சந்தையில் யார் கேட்டாலும் இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் ஆடியிலிருந்து எனக்கு ஒரு போன் இல்லை. நீ கூப்பிட்ட காலத்திலும் நான் மழை உண்டா என்று கேட்டுவிட்டு உங்கம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதுவும் உண்மைதான். இப்போது அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். கடையில் வாங்கித் தின்னாதே, வேளைக்குச் சமைத்துச் சாப்பிடு. ராத்திரியில் கார் ஓட்டாதே.

அம்மிணி, நீ விமானம் ஏறிப் போன அந்த வருஷமே எனக்கு ஒரு கடிதம் போட்டாய். அது என் பீரோவில்தான் இருந்தது. நான் பிரிக்கவில்லை. ஏழு வருஷம். வந்ததே தெரியாது என்று உங்கம்மாவிடம் பொய் சொன்னேன். எழுத்து தெரியாத ஆத்தா அந்தக் கடிதங்களைச் சாகும்வரை மஞ்சத்துணியில் வைத்திருந்தாள். எனக்கு எழுத்து தெரியும்.

நேற்று ராத்திரி பிரித்தேன். மனசு வந்தால் ஒரு வரி போடுங்கப்பா என்று முடித்திருக்கிறாய். மூன்று தடவை படித்தேன், அதற்குமேல் முடியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது கண்ணு.

உடம்புக்கு என்ன? உங்கம்மாவிடம் சொன்னதை என்னிடமும் சொல். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்பாருவின் கடிதங்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், ஒன்பதாவதை முதலில் படி.

மாப்பிள்ளையை ரொம்பக் கேட்டதாகச் சொல். ராத்திரி பால் குடி.

இப்படிக்கு,
அப்பா